மின்னணு உறுப்புகளின் முடுக்கிய ஆயுட் சோதனை

ஒரு மின்னணு உறுப்பு இயல்பான பயன்பாட்டில் எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பதைச் சில வாரங்களிலோ மாதங்களிலோ மதிப்பிட உதவும் சோதனை முறை முடுக்கிய ஆயுட் சோதனை எனப்படும். இச்சோதனையில் உறுப்பின் மாதிரிகள் வழக்கத்தைவிடக் கூடுதலான வெப்பம், ஈரப்பதம், மின்னழுத்தம், மின்னோட்டம் அல்லது அதிர்வுக்கு உட்படுத்தப்படுகின்றன. இவ்வாறு செலுத்தப்படும் சுமை தகைவு எனப்படும். கூடுதல் தகைவில் உறுப்புகள் விரைவில் பழுதாகும். அப்பழுதுகள் நிகழ்ந்த நேரங்களைக் கொண்டு, இயல்பான தகைவில் அவை எப்போது பழுதாகும் என்பது கணித முறையில் பெறப்படுகிறது. சோதனை முழுவதும் தகைவு ஒரே அளவில் இருக்கலாம். படிப்படியாக மாற்றவும் செய்யலாம்.

இச்சோதனை தரும் ஆயுட்காலம் நேரில் அளந்த அளவு அன்று. அது ஒரு கணிப்பு. கணிப்புக்கு அடிப்படையான எடுகோள்கள் மாறினால் விடையும் பல மடங்கு மாறும். பொருள்களின் உறையில் அச்சிடப்படும் "50,000 மணி நேரம்" போன்ற எண்களைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு இன்றியமையாதது.

தேவை

ஓர் ஆண்டு என்பது 8,760 மணி நேரம். பத்து ஆண்டுகள் உழைக்க வேண்டிய மின்மானியை இயல்பான நிலையில் சோதிக்க வேண்டுமானால் பத்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதற்குள் அந்த வடிவமைப்பே வழக்கொழிந்துவிடும். மேலும், இன்றைய குறைகடத்திச் சில்லுகளும் மின்தேக்கிகளும் நன்கு உழைப்பவை. நூறு மாதிரிகளை ஆறு மாதம் ஓடவிட்டாலும் ஒன்றுகூடப் பழுதாகாமல் போகலாம். பழுதே நிகழாத சோதனையிலிருந்து ஆயுளைக் கணிப்பது கடினம். ஆகவே பழுதை விரைவாக வரவழைக்க வேண்டியுள்ளது.

வரலாறு

வெப்பநிலைக்கும் வேதிவினையின் வேகத்துக்கும் உள்ள தொடர்பைச் சுவீடன் நாட்டு அறிவியலாளர் சுவாந்தே அரீனியசு 1889-இல் சமன்பாடாக அளித்தார். மின்னணு உறுப்புகள் பழையதாவதற்கும் அரிமானம், விரவல் போன்ற வேதி, இயற்பியல் மாற்றங்களே பெரும்பாலும் காரணம் என்பதால் அச்சமன்பாடு பின்னர் இத்துறையின் அடித்தளமாயிற்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இராணுவக் கருவிகளில் வெற்றிடக் குழாய்கள் அடிக்கடி பழுதானதால், அமெரிக்காவில் 1952-இல் மின்னணுக் கருவிகளின் நம்பகத்தன்மைக்கான ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 1957-இல் வெளியானது. இதற்கிடையே 1951-இல் சுவீடன் பொறியாளர் வலோதி வைபுல், பொருள்களின் ஆயுள் சிதறலை விளக்கும் புள்ளியியல் பரவலை விரிவாக எடுத்துரைத்தார். இன்றும் ஆயுட் சோதனைத் தரவுகள் பெரும்பாலும் வைபுல் பரவலைக் கொண்டே ஆராயப்படுகின்றன. 1969-இல் ஜேம்சு பிளாக், சில்லுகளின் உள்ளே உள்ள மெல்லிய உலோகத் தடங்கள் மின்னோட்டத்தால் தேய்வதற்கான சமன்பாட்டை அளித்தார். 1980-இல் வெய்ன் நெல்சன், படிப்படியாகத் தகைவை உயர்த்தும் சோதனைகளின் தரவுகளை ஆராய்வதற்கான முறையை வெளியிட்டார்.

தகைவு வகைகள்

வெப்பம்: மிகுதியாகப் பயன்படும் தகைவு இதுவே. சில்லுகளுக்கு 125 டிகிரி செல்சியசில், மின்சாரம் செலுத்திய நிலையில் 1,000 மணி நேரம், அதாவது ஏறத்தாழ 42 நாட்கள் சோதிப்பது பரவலான வழக்கம்.

ஈரப்பதம்: 85 டிகிரி வெப்பத்தில் 85 விழுக்காடு ஒப்பு ஈரப்பதத்துடன் 1,000 மணி நேரம் வைப்பது நன்கு அறியப்பட்ட சோதனை. இதையே அழுத்தக் கலனில் 130 டிகிரிக்கு உயர்த்தி 96 மணி நேரத்தில் முடிக்கும் முறையும் உண்டு. பெக் என்பவர் 1986-இல் வெளியிட்ட மாதிரியின்படி, ஆயுள் ஒப்பு ஈரப்பதத்தின் ஏறத்தாழ மூன்றாம் அடுக்குக்கு எதிர் விகிதத்தில் குறைகிறது.

மின்னழுத்தம்: மின்தேக்கிகளின் காப்புப் படலம் மின்னழுத்தத்தால் சிதைகிறது. இங்கு அடுக்கு விதி பயன்படும். அடுக்கு 3 எனில், மின்னழுத்தத்தை இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகும்.

வெப்பச் சுழற்சி: சூடும் குளிரும் மாறி மாறி வரும்போது, வெவ்வேறு அளவில் விரியும் பொருள்களை இணைக்கும் பற்றாசில் விரிசல் விழுகிறது. 1950-களில் காஃபின், மேன்சன் ஆகியோர் உலோகச் சோர்வு பற்றித் தனித்தனியே கண்ட தொடர்பு இதற்குப் பயன்படுகிறது. இங்கு முக்கியமானது மணி நேரம் அன்று, சுழற்சிகளின் எண்ணிக்கை.

முடுக்கக் காரணி

இயல்பு நிலை ஆயுளைச் சோதனை நிலை ஆயுளால் வகுத்தால் கிடைப்பது முடுக்கக் காரணி. காரணி 50 எனில், சோதனைக் கூடத்தில் ஒரு மணி நேரம், வீட்டில் 50 மணி நேரத்துக்குச் சமம்.

அரீனியசு சமன்பாட்டின்படி இக்காரணியைக் கணக்கிட மூன்று செய்திகள் வேண்டும்: இயல்பு வெப்பநிலை, சோதனை வெப்பநிலை, பழுதின் கிளர்வு ஆற்றல். கிளர்வு ஆற்றல் என்பது பழுதை உண்டாக்கும் மாற்றம் தொடங்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை. எலக்ட்ரான் வோல்ட் என்னும் அலகில் குறிக்கப்படும். வெப்பநிலைகளைக் கெல்வினில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஓர் உறுப்பு இயல்பாக 55 டிகிரியில் (328 கெல்வின்) இயங்குகிறது. 125 டிகிரியில் (398 கெல்வின்) சோதிக்கப்படுகிறது. கிளர்வு ஆற்றல் 0.7 எனக் கொள்வோம். போல்ட்சுமன் மாறிலி 0.00008617.

(0.7 ÷ 0.00008617) × (1/328 − 1/398) = ஏறத்தாழ 4.36

இயல் மடக்கையின் அடிமானமான 2.718-ஐ 4.36 அடுக்குக்கு உயர்த்தினால் கிடைப்பது ஏறத்தாழ 78. ஆகவே 1,000 மணி நேரச் சோதனை, 55 டிகிரியில் 78,000 மணி நேரப் பயன்பாட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 9 ஆண்டுகளுக்குச் சமமாகிறது.

இதே சோதனையில் கிளர்வு ஆற்றலை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். 0.5 எனக் கொண்டால் காரணி 22 ஆகக் குறையும். சோதனை இரண்டரை ஆண்டுகளுக்கே சமம். 0.9 எனக் கொண்டால் காரணி 270-ஐ நெருங்கும்; சோதனை 31 ஆண்டுகளுக்குச் சமம். அடுப்பில் வைத்த மாதிரிகளும் செலவான நாட்களும் ஒன்றே. மாறியது கணக்கில் இட்ட ஓர் எண் மட்டுமே. அந்த எண்ணை ஊகிக்காமல், குறைந்தது மூன்று வெப்பநிலைகளில் சோதித்து அளந்து பெறுவதே சிறந்த முறை.

தகைவு செலுத்தும் முறைகள்

மாறாத் தகைவு: ஒவ்வொரு மாதிரிக் குழுவும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தகைவில் இருக்கும். பகுப்பாய்வு எளிது, மாதிரிகளும் நேரமும் அதிகம் வேண்டும்.

படித் தகைவு: ஒரே குழுவின் தகைவு குறித்த நேரத்திலோ, குறித்த எண்ணிக்கையில் பழுதுகள் நிகழ்ந்தபின்னரோ அடுத்த படிக்கு உயர்த்தப்படும்.

ஏறுமுகத் தகைவு: தகைவு நிறுத்தமின்றிச் சீராக உயர்ந்துகொண்டே போகும். மின்தேக்கிகளின் மின்னழுத்தச் சோதனையில் இது பயன்படுகிறது.

சுழல் தகைவு: தகைவு மேலும் கீழுமாக மீண்டும் மீண்டும் மாறும்.

படித் தகைவுச் சோதனை

எந்த அளவு தகைவு பழுதை வரவழைக்கும் என்று முன்கூட்டியே தெரியாத புதிய உறுப்புக்குப் படித் தகைவு ஏற்றது. தாழ்ந்த படியில் தொடங்குவதால் எல்லா மாதிரிகளும் முதல் நாளிலேயே கருகிவிடும் இடர் இல்லை. படிப்படியாக உயர்த்துவதால் சோதனை முடிவுக்கு வராமல் நீள்வதும் இல்லை.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உள்ளது. மூன்றாம் படியில் பழுதான உறுப்பு, முதல் இரண்டு படிகளிலும் ஓரளவு தேய்ந்தே வந்திருக்கும். அந்தத் தேய்மானத்தை எப்படிக் கணக்கில் சேர்ப்பது? இதற்கு நெல்சன் அளித்த விடை திரள் பாதிப்பு மாதிரி. ஓர் உறுப்பின் எஞ்சிய ஆயுள், அது இதுவரை திரட்டிய பாதிப்பின் அளவையும் இப்போதுள்ள தகைவையும் மட்டுமே பொறுத்தது. அப்பாதிப்பு எந்த வழியில் திரண்டது என்பதைப் பொறுத்ததன்று என்பதே இதன் எடுகோள்.

மேற்கண்ட உறுப்பையே எடுத்துக்கொண்டு, 85, 105, 125 டிகிரி என மூன்று படிகளில், படிக்கு 200 மணி நேரம் வீதம் சோதிப்பதாகக் கொள்வோம். கிளர்வு ஆற்றல் 0.7 எனில், 55 டிகிரியை ஒப்பிட்ட காரணிகள் முறையே ஏறத்தாழ 8, 26, 78.

முதல் படி: 200 × 8 = 1,600 மணி
இரண்டாம் படி: 200 × 26 = 5,200 மணி
மூன்றாம் படி: 200 × 78 = 15,600 மணி
கூடுதல்: 22,400 மணி

25 நாள் சோதனை இரண்டரை ஆண்டுப் பயன்பாட்டுக்குச் சமமாகிறது. அதில் ஏறத்தாழ 70 விழுக்காடு கடைசிப் படியிலிருந்து மட்டும் வருவதைக் கவனிக்க வேண்டும். உச்சப் படியின் காரணியில் பிழை இருந்தால் மொத்த விடையும் பிழையாகும்.

நெல்சனின் மாதிரிக்கு மாற்றாக, 1979-இல் மாரிசு டிகுரூட், பிரேம் கோயல் ஆகியோர் தகைவு மாறும்போது எஞ்சிய ஆயுளையே ஒரு காரணியால் குறைக்கும் மாதிரியை முன்வைத்தனர். 1989-இல் ஜி. கே. பட்டாச்சார்யா, சோஜோதி ஆகியோர் பழுது வீதத்தை மாற்றும் மாதிரியை அளித்தனர்.

இத்துறையின் கணிதத்தில் சென்னையுடன் தொடர்புடைய ஒருவரின் பங்கு குறிப்பிடத்தக்கது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பயின்று, கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான நா. பாலகிருஷ்ணன், படித் தகைவுச் சோதனைகள் பற்றிப் பல ஆய்வுகளை வெளியிட்டுள்ளார். குறைந்த எண்ணிக்கையிலான பழுதுகளிலிருந்து பெறும் ஆயுள் மதிப்பீட்டை எந்த எல்லைக்குள் நம்பலாம், எந்த நேரத்தில் படியை உயர்த்தினால் மதிப்பீடு துல்லியமாகும் என்பவை இவ்வாய்வுகளின் மையக் கேள்விகள். 2007-இல் வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்றில் கான்பூரின் தேபாசிஸ் குண்டு இவருடன் இணைந்து எழுதியுள்ளார். குண்டுவும் அயன் கங்குலியும் எழுதிய படித் தகைவு மாதிரிகள் பற்றிய நூல் 2017-இல் வெளிவந்தது.

வரம்புகள்

கூடுதல் தகைவு, பழுதை விரைவுபடுத்த வேண்டுமேயன்றி வேறொரு பழுதை உண்டாக்கக் கூடாது. இதுவே இச்சோதனையின் முதன்மை விதி. மாங்காயை வைக்கோலில் வைத்தால் விரைவில் பழுக்கும். கொதிநீரில் போட்டால் வெந்துவிடும். அதைப் பார்த்து மரத்தில் பழுக்க எத்தனை நாளாகும் என்று கணக்கிட முடியாது. அதுபோலவே, பொதுவாகப் பயன்படும் கண்ணாடியிழை அச்சுச்சுற்றுப் பலகை ஏறத்தாழ 130 முதல் 140 டிகிரியில் இறுக்கம் தளரத் தொடங்கும். அதற்கு மேல் சோதித்தால் காணப்படும் பழுது, வீட்டில் ஒருபோதும் நிகழாத பழுதாக இருக்கலாம். எனவே பழுதான ஒவ்வொரு மாதிரியையும் பிரித்து, நுண்ணோக்கியில் பார்த்து, பழுதின் காரணத்தை உறுதிசெய்வது சோதனையின் ஒரு பகுதியாகும்.

பழுது நிகழவில்லை என்பதையும் சரியாகப் பொருள்கொள்ள வேண்டும். 77 மாதிரிகளைச் சோதித்து ஒன்றுகூடப் பழுதாகாவிட்டால், பழுது வீதம் சுழியம் என்று பொருளன்று. அது 3 விழுக்காட்டுக்குக் குறைவு என்று 90 விழுக்காடு உறுதியுடன் சொல்லலாம், அவ்வளவே.

வடிவமைப்பின் நலிவான இடங்களைக் கண்டறிவதற்காக, உறுப்பு உடையும் வரை தகைவை உயர்த்தும் சோதனையும் தொழிலில் உண்டு. அது ஆயுளை ஆண்டுகளில் கணிப்பதற்கானதன்று. இரண்டையும் ஒன்றாகக் கருதுவது பொதுவாக நிகழும் தவறு.

சென்னைச் சூழல்

இந்திய அரசின் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தரச் சோதனை அமைப்பின் ஆய்வகங்களுள் ஒன்றான மின்னணுச் சோதனை மற்றும் மேம்பாட்டு மையம், சென்னைத் திருவான்மியூரில் உள்ளது. இத்தகைய ஆய்வகங்களில் வெப்பக் கூடம், ஈரப்பதக் கூடம் போன்றவற்றில் உறுப்புகளும் கருவிகளும் சோதிக்கப்படுகின்றன. ஆய்வகம் தரும் எண்ணைச் சென்னையின் வீட்டுக்குப் பொருத்தும்போது, அந்த வீட்டின் உண்மை நிலை என்ன என்ற கேள்வி எழுகிறது.

ஆழ்வார்பேட்டையை எடுத்துக்கொள்ளலாம். மெரினா கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள இப்பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் மிகுதி. அவற்றின் மின்மானிகள் பெரும்பாலும் தரைத்தள வாகன நிறுத்தத்திலோ மாடிப்படியின் கீழோ மூடிய பலகைப் பெட்டிகளில் இருக்கும். அகன்ற வலைக் கருவிகளும் மின்னேற்றிகளும் காற்றோட்டமற்ற மூலைகளில் ஆண்டு முழுதும் இயங்கும். சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி வெப்பம் பதிவானது. வெளியில் 40 டிகிரி இருக்கும் நாளில், மூடிய பெட்டிக்குள் இயங்கும் உறுப்பின் வெப்பம் அதைவிட மிகும்.

மேற்கண்ட கணக்கில் இயல்பு வெப்பநிலையை 55-க்குப் பதிலாக 65 டிகிரி எனக் கொண்டால், காரணி 78-இலிருந்து 37 ஆகக் குறைகிறது. ஒன்பது ஆண்டுகளுக்குச் சமம் எனப்பட்ட சோதனை நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேலாக மட்டுமே உறுதி தருகிறது. பத்து டிகிரி வேறுபாடு ஆயுளைப் பாதியாக்கிவிடுகிறது.

ஈரப்பதத்தின் விளைவும் சிறிதன்று. ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காடாக உயர்ந்தால், மூன்றாம் அடுக்கு விதிப்படி அரிமானம் ஏறத்தாழ 2.4 மடங்கு விரைவாகும். இயங்கும் கருவி தன் சூட்டினால் தன்னைச் சுற்றியுள்ள ஈரத்தைக் குறைத்துக்கொள்ளும். அணைத்து வைத்த கருவிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கடலோர நகரங்களில் பயன்படுத்தாமல் வைத்த கருவிகளும் பழுதாவதற்கு இது ஒரு காரணம். மின்மானிகளை வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த தகைவில் சோதிப்பதற்கெனவே பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 2008-இல் ஐஇசி 62059-31-1 என்னும் தரத்தை வெளியிட்டது. கடற்காற்றின் உப்புக்குத் தனி உப்புமூட்டச் சோதனை உண்டு. எனினும் அதன் மணி நேரங்களை ஆண்டுகளாக மாற்றப் பொதுவாக ஏற்கப்பட்ட காரணி இல்லை.

எல்இடி விளக்கின் எடுத்துக்காட்டு

பொதுமக்கள் ஆயுட் சோதனையின் முடிவை நேரடியாகச் சந்திக்கும் இடம் எல்இடி விளக்கின் அட்டைப்பெட்டி. எல்இடிகளின் ஒளி குறைவதை அளக்கும் எல்எம்-80 முறை அமெரிக்காவில் 2008-இல் வெளியானது. இந்தியத் தரநிலைகளில் இதற்கு இணையானது ஐஎஸ் 16105. குறைந்தது 6,000 மணி நேரம் சோதிக்க வேண்டும். அத்தரவிலிருந்து ஆயுளை நீட்டிக் கணிக்கும் டிஎம்-21 முறை 2011-இல் வந்தது. 20 அல்லது அதற்கு மேற்பட்ட மாதிரிகள் இருந்தால், சோதித்த நேரத்தின் ஆறு மடங்குக்கு மேல் கணிக்கக் கூடாது என்பது இதன் கட்டுப்பாடு. 6,000 மணி நேரச் சோதனைக்கு உச்ச வரம்பு 36,000 மணி நேரம். 50,000 மணி நேரம் எனக் குறிப்பிட 8,300 மணி நேரத்துக்கும் மேலான சோதனை தேவை. இங்கு ஆயுள் என்பது பொதுவாக ஒளி 70 விழுக்காடாகக் குறையும் வரையுள்ள காலம்.

இச்சோதனை எல்இடிச் சில்லுக்கு மட்டுமே உரியது. விளக்கு அணைந்துபோவது பெரும்பாலும் அடிப்பகுதியில் உள்ள மின்வழங்கிச் சுற்றினால். அதில் உள்ள மின்பகுளி மின்தேக்கி 105 டிகிரியில் 2,000 மணி நேரம் உழைக்கும் எனக் குறிக்கப்பட்டிருந்தால், 10 டிகிரி குறையும்தோறும் ஆயுள் இரட்டிக்கும் என்னும் நடைமுறை விதிப்படி, 85 டிகிரியில் 8,000 மணி நேரமும் 75 டிகிரியில் 16,000 மணி நேரமும் உழைக்கும். நாளொன்றுக்கு 6 மணி நேரம் எரித்தால் முறையே மூன்றரை ஆண்டுகளும் ஏழு ஆண்டுகளும் ஆகும். ஒரே விளக்கு மூடிய கண்ணாடிக் கூண்டில் விரைவில் அணைவதும் திறந்த தாங்கியில் நெடுநாள் உழைப்பதும் இதனால்தான்.

இந்தியாவில் எல்இடி விளக்குகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு உண்டு. அது மின்பாதுகாப்பைப் பற்றியது. ஆயுளுக்கு அளிக்கும் உறுதி அன்று.

சோதனை முடிவைப் படிக்கும் முறை

ஆயுட்கால எண் ஒன்றைக் காணும் மாணவரோ நுகர்வோரோ பின்வரும் செய்திகளைத் தேட வேண்டும்:

1. எந்தத் தகைவில், எத்தனை மாதிரிகள், எத்தனை மணி நேரம் சோதிக்கப்பட்டன.
2. எத்தனை பழுதுகள் நிகழ்ந்தன; அவற்றின் காரணம் கண்டறியப்பட்டதா.
3. கிளர்வு ஆற்றல் அளந்து பெறப்பட்டதா, வழக்கமாகக் கொள்ளும் எண்ணா.
4. எந்த இயல்பு வெப்பநிலைக்கும் ஈரப்பதத்துக்கும் ஆயுள் கணிக்கப்பட்டது.
5. சோதித்தது ஓர் உறுப்பையா, முழுக் கருவியையா.
6. குறிப்பிட்ட ஆயுள் சராசரியா, முதல் சில விழுக்காடு பழுதாகும் காலமா.

நான்காவது செய்தி இல்லாத ஆயுட்கால எண், வேகம் குறிப்பிடாமல் சொல்லப்படும் பயண நேரத்தைப் போன்றது. 25 டிகிரி அறைக்குக் கணித்த ஆயுளைச் சென்னையின் மே மாதத்தில் மூடிய பெட்டிக்குள் இயங்கும் கருவியிடம் எதிர்பார்க்க முடியாது.